தரமணியில் ஏறி திருமயிலையில் இறங்குங்கள்

கேள்வி: நான் மலேசியாவில் கிள்ளானைச் சேர்ந்தவள். வயது 21. மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு செமஸ்டர் படிக்க ஜூலைக் கடைசியில் சென்னைக்கு வந்தேன். டிசம்பர் நடுவில் திரும்ப வேண்டும். ஹாஸ்டல் தரமணியில். ஐந்து வாரம் ஓடிவிட்டது. வகுப்பு, மெஸ், அறை, வாரக் கடைசியில் தோழிகளோடு ஒரு மால். இதைத் தவிர எதையும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய இடங்கள் என்று ஐம்பது எழுதி வைத்திருக்கிறேன், ஒன்றுக்கும் போகவில்லை. தனியாகப் போகப் பயம். அம்மா தினமும் போனில் "எங்கேயும் போகாதே" என்கிறார். தமிழ் பேசுகிற ஊர், நம் ஊர் மாதிரி இருக்கும் என்று நினைத்து வந்தேன். ஆனால் நான் வாயைத் திறந்தாலே "ஸ்ரீலங்காவா?" என்கிறார்கள். மெஸ்ஸில் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டதற்குச் சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஆங்கிலத்தில்தான் பேசுகிறேன். என் கொள்ளுத்தாத்தா இந்தச் சென்னைத் துறைமுகத்தில்தான் "ரஜூலா" கப்பல் ஏறினாராம். அவர் புறப்பட்டுப் போன ஊரில் நான் அறைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறேன். மீதி நாட்களை எப்படிப் பயன்படுத்துவது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள கிள்ளான் வாசகிக்கு,

முதலில் அந்த ஐம்பது இடப் பட்டியலை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். காரணம் சொல்கிறேன்.

பதினெட்டு வருடமாக ஒரு கல்லூரியில் வெளிநாட்டு மாணவர்களுக்கு ஆலோசகராக இருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வருகிற ஒவ்வொருவர் கையிலும் நானே ஒரு பட்டியல் தட்டச்சு செய்து கொடுப்பேன். ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு மாணவர் பதினாறே நாளில் அதில் உள்ள எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு, என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். "எல்லாம் பார்த்தாச்சு. இனி என்ன?" என்றார். அடுத்த மூன்று மாதம் அவர் பெரும்பாலும் அறையில்தான் இருந்தார். கோயில் தெரியும், கோட்டை தெரியும், கடற்கரை தெரியும். ஆனால் இந்த ஊரில் அவருக்கு ஒரு ஆளைத் தெரியாது. அவரை அப்படி அனுப்பியது என் தவறு. அதோடு பட்டியல் கொடுப்பதை விட்டுவிட்டேன்.

இப்போது எல்லோரிடமும் சொல்வது ஒன்றுதான். ஒரு தெருவைத் தேர்ந்தெடுங்கள். அதே கிழமை, அதே நேரம், அதே கடைக்குப் போங்கள். மூன்று வாரம் விடாமல் போய்விட்டு, ஏதோ பரீட்சையால் நான்காவது வாரம் போக முடியவில்லை என்று வையுங்கள். ஐந்தாவது வாரம் போகும்போது அந்தக் கடைக்காரர் "என்னம்மா, போன வாரம் ஆளையே காணோம்?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும். ஒரு ஊரில் நம்மைத் தேட ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தபின் பயம் தானாகக் குறையும். அதற்கு முன்னால் "பயப்படாதே" என்று யார் சொன்னாலும் மனம் கேட்காது. உங்கள் பயத்தை நான் குறை சொல்லவும் மாட்டேன். புது ஊரில் ஒரு பெண் யோசித்துத்தான் காலை வைக்க வேண்டும்.

போகிற வழிக்கு வருவதற்கு முன் பேச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது அந்த மெஸ் சம்பவம்தான்.

"பசியாறுதல்" அருமையான தமிழ்ச் சொல். நான் தூத்துக்குடிப் பக்கத்தில் பிறந்தவள். எங்கள் ஊருக்குக் கொஞ்சம் தெற்கே காயல்பட்டினத்தில் இன்றும் காலைச் சாப்பாட்டுக்குப் "பசியாற" என்றுதான் சொல்வார்கள். பள்ளியில் என்னோடு படித்த காயல்பட்டினத்துத் தோழியின் வீட்டுக்குப் போனால், அவளுடைய உம்மா வாசலிலேயே "பசியாறிட்டியாம்மா?" என்பார். சென்னைப் பிள்ளைகள் பலருக்கு அந்தச் சொல் காதில் விழுந்ததே இல்லை, அதனால் சிரித்திருப்பார்கள். நான் வந்த புதிதில் "ஏல", "அங்கன", "இங்கன" என்று பேசியதற்கும் ஹாஸ்டலில் சிரித்தார்கள். ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இன்று நினைத்தால் அந்த ஒரு மாதம் வீண். நீங்கள் அப்படி இருக்க வேண்டாம். அடுத்த முறை யாராவது சிரித்தால், "எங்க ஊர்ல டிபனுக்குப் பசியாறுறதுன்னு சொல்வோம், உங்க வீட்ல என்ன சொல்வீங்க?" என்று கேட்டுவிடுங்கள். அந்த மேசையில் ஈரோட்டுப் பெண் ஒருத்தி இருப்பாள், நாகர்கோவில் பெண் ஒருத்தி இருப்பாள். ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேருக்கும் இந்த ஊர் உங்களைப் போலவே புதிது என்பது அப்போது தெரியும்.

"ஸ்ரீலங்காவா?" என்ற கேள்வியும் இப்படித்தான். தமிழ்நாட்டில் முதல் கேள்வியே "எந்த ஊரு?" என்பதுதான். முப்பது வருடமாக இங்கே குடியிருக்கும் என்னிடமும் ஆட்டோக்காரர் கேட்கிறார், காய்கறிக்கார அம்மாவும் கேட்கிறார். பேச்சில் ஏதோ ஒரு வித்தியாசம் தெரிகிறது, அது எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ளும் ஆசை. கேட்பவர் உங்களைத் தள்ளி வைக்கவில்லை, பேச்சைத் தொடங்குகிறார். "இல்லண்ணா, மலேசியா. எங்க கொள்ளுத்தாத்தா இங்கேயிருந்துதான் கப்பல் ஏறினார்" என்று சொல்லிப் பாருங்கள். பத்துப் பேரில் இரண்டு பேராவது "அப்படியா! எங்க சித்தப்பா அங்கேதான் இருக்கார்" என்பார்கள். அப்புறம் பேச்சை முடிப்பதுதான் உங்களுக்குச் சிரமமாக இருக்கும்.

சரி, வழிக்கு வருவோம். உங்கள் ஹாஸ்டல் தரமணியில் இருப்பது பெரிய வசதி. அங்கே பறக்கும் ரயில் நிலையம் இருக்கிறது. வேளச்சேரியிலிருந்து வரும் ரயிலில் ஏறினால் திருவான்மியூர், இந்திரா நகர், கஸ்தூரிபாய் நகர், கோட்டூர்புரம், கிரீன்வேஸ் சாலை, மந்தைவெளி, திருமயிலை, முண்டகக்கண்ணியம்மன் கோயில், கலங்கரை விளக்கம், திருவல்லிக்கேணி, சேப்பாக்கம், சிந்தாதிரிப்பேட்டை, பூங்கா நகர், கோட்டை, கடைசியில் கடற்கரை. இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டால் போதும், பழைய சென்னையின் முதுகெலும்பு உங்கள் கையில் இருக்கிறது. பக்கத்து நிலையங்களுக்கு 5 ரூபாய்தான். கூகுள் மேப் பார்த்து ஊர் முழுக்க அலைவதைவிட, தெரிந்த ஒரே தடத்தில் ஒவ்வொரு வாரமும் ஒரு நிலையம் தள்ளி இறங்கிப் பார்ப்பது எளிது. வழி தவறினாலும் ரயில் பாலம் எங்கே என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். அந்தப் பாலத்தை ஒட்டி நடந்தால் ஏதாவது ஒரு நிலையம் வந்துவிடும்.

இந்தத் தடம் முதலில் 1995-இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரைதான் வந்தது. பிறகு மயிலாப்பூருக்கு நீண்டது. வேளச்சேரியைத் தொட 2007 ஆகிவிட்டது. ரயிலில் ஜன்னல் ஓரம் உட்காருங்கள். கோட்டூர்புரம் தாண்டியதும் அடையாறு வரும். ஆற்றைக் கடந்தபின் கீழே கறுப்பாக ஒரு நீர் கூடவே வரும். மூக்கைப் பொத்தத் தோன்றும். அது பக்கிங்ஹாம் கால்வாய். அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் இந்தத் துண்டு வெட்டப்பட்டது தாது வருஷப் பஞ்சத்தில், 1877-78 காலத்தில். பஞ்சத்தில் வேலை தேடிப் பட்டணத்துக்கு வந்தவர்களைக் கொண்டு வெட்டினார்கள். அன்றைய கவர்னரின் பெயர் கால்வாய்க்கு நிலைத்தது, மண் சுமந்தவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் பசியால் ஊரை விட்டுக் கிளம்பிய தமிழர்களில் சிலர் இங்கே மண் வெட்டினார்கள், சிலர் கடல் தாண்டினார்கள். மலேசியாவிலிருந்து வரும் மாணவர்களிடம் இதைச் சொல்லாமல் நான் விட்டதே இல்லை. நீங்கள் மேலே போகும் ரயிலும் உங்கள் குடும்பக் கதையும் அவ்வளவு தூரமானவை அல்ல.

முதல் இறக்கம் திருமயிலை. ஞாயிறு காலை ஆறரைக்கெல்லாம் அங்கே இருங்கள். மெட்ரோ வேலைக்காக லஸ் பக்கம் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், வழி மாறி மாறிப் போகும். அதனால் "கபாலி கோயில் எப்படிப் போகணும்?" என்று கேட்டே நடங்கள், பத்து நிமிட நடைதான். கோயிலுக்கு மேற்கே குளம். கோயிலையும் குளத்தையும் சுற்றி நான்கு மாட வீதிகள். தெற்கு மாட வீதியில் காய்கறிக்காரர்கள் காலையிலேயே கடை விரித்துவிடுவார்கள். வாழைப்பூ, சுண்டைக்காய், பச்சை மஞ்சள் என்று கிள்ளான் சந்தையில் பார்த்தவையும் இருக்கும், பார்க்காதவையும் இருக்கும். பெயர் தெரியாததைக் கையில் எடுத்து "இது என்னக்கா, எப்படிச் சமைக்கணும்?" என்று கேளுங்கள். நீங்கள் வாங்காவிட்டாலும் செய்முறை முழுவதும் சொல்லுவார்கள்.

அப்புறம் கோயில் வாசலில் ஒரு பூக்காரம்மாவிடம் ஒரு முழம் மல்லி வாங்குங்கள். எத்தனையோ பேர் கடந்து போய்விடும் ஒரு சின்னக் காட்சி அதில் இருக்கிறது. வாழைநாரில் கட்டிய சரத்தின் ஒரு நுனியை முழங்கையில் வைத்து, நடுவிரல் நுனி வரை இழுப்பார். அங்கேயே நறுக்கிவிட மாட்டார். விரலை இன்னும் ஒரு நாலு பூ தள்ளி, அங்கேதான் நறுக்குவார். அந்த நாலு பூ கொசுறு. முதல் வாரம் நாலு பூ என்றால், முகம் பழகியபின் அது ஒரு சாண் ஆகும். இந்த ஊர் உங்களை ஏற்றுக்கொண்டதா என்பதை அந்தக் கொசுறின் நீளத்தில் தெரிந்துகொள்ளலாம். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. என் மாணவி ஒருத்தி ஊருக்குத் திரும்பும் முன் விடைபெறப் போனபோது, அவளுடைய பூக்காரம்மா காசே வாங்கவில்லையாம். அன்று மாலை என் அறையில் வந்து அழுதாள்.

பிறகு ஏதாவது ஒரு சின்னக் கடையில் நின்றுகொண்டே காபி குடியுங்கள். உங்கள் ஊர் கோப்பியைவிட இது மென்மையாக, பால் கூடி இருக்கும். டவராவில் ஊற்றி ஆற்றத் தெரியவில்லையென்றால் பக்கத்தில் நிற்கும் பெரியவர் சொல்லிக் கொடுப்பார். அவ்வளவுதான் முதல் நாள். கோயிலுக்குள் போவதும் போகாததும் உங்கள் விருப்பம். ஒன்பது மணிக்குள் ஹாஸ்டலில் இருக்கலாம். அடுத்த ஞாயிறு அதே பூக்காரம்மா, அதே காபிக் கடை. மூன்றாவது வாரம் அங்கிருந்து லஸ் மாதா கோயில் வரை நடந்து பாருங்கள். மக்கள் அதைக் காட்டுக்கோயில் என்பார்கள். அங்குள்ள கல்வெட்டில் இருக்கும் ஆண்டு 1516. சென்னையின் பிறந்த நாளாக நாம் கொண்டாடும் 1639 ஆகஸ்ட் 22-க்கு நூறு வருடத்துக்கும் மேல் முந்தியது. மயிலாப்பூர்க்காரர்கள் தங்கள் ஊரைத் தனி ஊராகப் பேசுவதில் நியாயம் இருக்கிறது.

நவராத்திரி நெருங்கும்போது வடக்கு மாட வீதி முழுக்கக் கொலு பொம்மை கடைகள் வந்துவிடும். அந்தச் சமயம் வகுப்பில் சென்னையைச் சேர்ந்த ஒரு தோழியிடம், "உங்க வீட்ல கொலு வைப்பீங்களா? நான் பார்த்ததே இல்லை, வரலாமா?" என்று கூசாமல் கேளுங்கள். கொலுவுக்கு வருகிறேன் என்பவரை யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். சுண்டலும் வெற்றிலை பாக்கும் கொடுத்து, பாடத் தெரியுமா என்று கேட்பார்கள். ஒரு வீட்டுக்குள் போய் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால், மாலுக்கு நூறு தடவை போனாலும் கிடைக்காத ஒன்று உங்களுக்குக் கிடைத்துவிடும்.

வார நாட்களுக்குக் கோட்டூர்புரம் போதும். அண்ணா நூற்றாண்டு நூலகம் அங்கேதான், 2010-இல் திறந்தது. ஹாஸ்டல் அறையில் படிப்பதை அங்கே போய்ப் படியுங்கள். சொந்தப் புத்தகத்தோடு உட்காரத் தனிப் பகுதி இருக்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் ஊர் ஊராக வந்து உட்கார்ந்திருப்பார்கள். டிபன் பாக்ஸைத் திறக்கும் நேரத்தில் அவர்களோடு பேசிப் பாருங்கள். எழும்பூர் அருங்காட்சியகமும் அங்குள்ள அமராவதிச் சிற்பங்களும் கட்டாயம் பார்க்க வேண்டியவை. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் அதிகம் என்பதால் கோபப்பட வேண்டாம், வெளிநாட்டிலிருந்து வரும் எல்லாருக்கும் அப்படித்தான்.

கடைசி நிலையமான கடற்கரைக்கு இரண்டு மாதம் கழித்துப் போங்கள் என்பேன். அவசரப்பட்டுப் பார்த்து வீணாக்கக் கூடாத இடம், உங்களுக்கு முக்கியமாக.

ரஜூலா 1926-இல் கட்டிய கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடியது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு உங்கள் நாட்டுத் தமிழர்கள் போனதும் வந்ததும் பெரும்பாலும் அதில்தான். துறைமுகத்துக்குள் உங்களை விடமாட்டார்கள். அதனால் ஏமாற்றம் வேண்டாம். கடற்கரை நிலையத்திலிருந்து வெளியே வந்து ராஜாஜி சாலையில் நின்றால் துறைமுகச் சுவரும் அதற்கு மேலே பாரந்தூக்கிகளும் தெரியும். கடற்கரை என்று பெயர் இருக்கிறதே, கடலைக் காணோமே என்று எல்லாரும் கேட்பார்கள். துறைமுகம் கட்டியபின் கடல் கிழக்கே தள்ளிப் போய்விட்டது. சாலையோரம் செந்நிறத்தில் பெரிய கட்டடம் ஒன்று நிற்கும், அதுதான் தலைமைத் தபால் நிலையம். 1884-இல் கட்டியது. உங்கள் கொள்ளுத்தாத்தா கப்பலேறிய நாளில் அந்தக் கட்டடம் அங்கேதான் இருந்தது. அவர் கண்ணில் அது பட்டிருக்கும். வகுப்பு இல்லாத ஒரு வேலை நாளில் அங்கே போய், கிள்ளானில் இருக்கும் பாட்டிக்கோ அம்மாவுக்கோ கையால் ஒரு கடிதம் எழுதிப் போடுங்கள். வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவது வேறு, அந்தக் கட்டடத்தின் முத்திரை விழுந்த கடிதம் வீட்டுக்கு வருவது வேறு.

கடிதம் போட்டபின் மாலை ஐந்தைத் தாண்டியிருந்தால் பக்கத்திலேயே பர்மா பஜார். அதற்குப் பின்னால் இரண்டாவது கடற்கரைச் சாலையில் அத்தோ கடைகள் தள்ளுவண்டிகளில் தொடங்கிவிடும். 1960-களில் பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் இழந்து கப்பலில் திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு அது. மஞ்சள் கலந்த செந்நிற நூடுல்ஸைக் கிண்ணத்தில் போட்டு, பொடியாக நறுக்கிய முட்டைக்கோஸ், வெங்காயம், பூண்டு வதக்கிய எண்ணெய், மிளகாய்த் தூள், புளித் தண்ணீர் எல்லாம் விட்டு, பேஜோ என்கிற மொறுமொறு அடையை மேலே நொறுக்கி, கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப் சூடாக வரும். காரம் குறைவாக வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முதல் வாய் எடுத்ததும் உங்களுக்கு உங்கள் ஊர் மீ கோரெங் நினைவுக்கு வரலாம். கடல் தாண்டிப் போன தமிழர்களின் நாக்கு எங்கெங்கோ ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வந்திருக்கிறது. அந்தக் கடைக்காரரிடம் "உங்க குடும்பம் ரங்கூனா?" என்று கேளுங்கள். "நீ எந்த ஊரு?" என்று அவர் திருப்பிக் கேட்கும்போது, இந்த ஊரில் யாருமே அந்தக் கேள்வியை உங்களிடம் அவ்வளவு புரிந்து கேட்டிருக்க மாட்டார்கள்.

இந்த ஒரு மாலைக்கு மட்டும் ஒரு தோழியைக் கூட்டிப்போங்கள். இருட்டியபின் அந்தப் பகுதியில் கூட்டமும் நெரிசலும் அதிகம்.

பாதுகாப்பை இத்தோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பறக்கும் ரயில் நிலையங்கள் மிகப் பெரியவை, ஆனால் மாலைக்கு மேல் வெறிச்சோடிவிடும். எட்டு மணிக்கு மேல் தனியாக அந்தப் படிக்கட்டுகளில் ஏறி இறங்க வேண்டாம். பஸ்ஸோ, ஆப்பில் பதிவு செய்த ஆட்டோவோ பிடியுங்கள். ரயிலில் பெண்கள் பெட்டியில் ஏறுங்கள், அது காலியாக இருந்தால் மட்டும் ஆட்கள் இருக்கும் பொதுப் பெட்டிக்குப் போய்விடுங்கள். மாநகரப் பேருந்தில் பெண்களுக்கு இடது பக்க இருக்கைகள். முகப்பில் இளஞ்சிவப்பு அடித்த சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. நடத்துநர் தரும் கட்டணமில்லா டிக்கெட்டை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நெரிசலில் யாராவது அத்துமீறினால் சங்கடப்பட்டு நகர்ந்து போக வேண்டாம். "கையை எடுங்க!" என்று சத்தமாகச் சொல்லுங்கள். நடத்துநரும் பக்கத்துப் பெண்களும் கட்டாயம் திரும்புவார்கள், அநேகமாக உங்களுக்கு முன்னால் அவர்களே சண்டைக்குப் போய்விடுவார்கள். அவசரத்துக்கு 112, பெண்களுக்கான உதவி எண் 181, ஆம்புலன்ஸ் 108. மூன்றையும் இப்போதே போனில் பதிந்துவிடுங்கள்.

கடலில் இறங்க வேண்டாம், மெரினாவானாலும் பெசன்ட் நகரானாலும். காலை நனைப்பதோடு சரி. பெசன்ட் நகர்க் கடற்கரையில் வெள்ளையாக ஒரு வளைவு மண்டபம் நிற்கிறதே, அது ஷ்மிட் என்ற டென்மார்க்காரரின் நினைவாகக் கட்டியது. 1930-இல் மூழ்கிக்கொண்டிருந்தவர்களைக் காப்பாற்றப் போய் அவர் உயிரை விட்டார். காப்பாற்றப் போனவரையே இழுத்துக்கொண்ட அலை அது.

அக்டோபர் நடுவிலிருந்து வடகிழக்குப் பருவமழை. உங்கள் ஊரில் வருடம் முழுக்க மழை பெய்யும், அதனால் மழைதானே என்று நினைப்பீர்கள். இங்கே ஒரு வருட மழையில் பாதிக்கு மேல் இந்த மூன்று மாதத்திலேயே கொட்டிவிடும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் இந்த ஊர் தண்ணீரில் மிதந்தது. வேளச்சேரி, தரமணிப் பக்கம் பள்ளமான பகுதி. கனமழை எச்சரிக்கை வந்தால் வெளியே போகாதீர்கள். தேங்கிய தண்ணீரில் நடக்காதீர்கள், உள்ளே குழியும் இருக்கும், மின்கம்பியும் இருக்கும். பாஸ்போர்ட்டை ஜிப் கவரில் போட்டு மேல் அலமாரியில் வையுங்கள். பவர் பேங்க், குடிதண்ணீர், பிஸ்கட் அறையில் எப்போதும் இருக்கட்டும்.

பண விஷயம். பூக்காரம்மா வரை எல்லாரும் போனில்தான் வாங்குகிறார்கள். இந்திய வங்கிக் கணக்கு இல்லாததால் உங்களுக்கு அது சிக்கலாக இருந்திருக்கும். வாரம் ஒரு முறை பத்து, இருபது ரூபாய் நோட்டாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினால் காலை ஏழு மணிக்கு எந்தக் கடையிலும் முகம் சுருங்கும். விசா, தங்குமிடப் பதிவு பற்றி உங்கள் கல்லூரி அலுவலகத்தில் ஒரு முறை நேரில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வருகிற மாணவர்கள் வந்த 14 நாளுக்குள் பதிந்திருக்க வேண்டும். உங்களுக்கு ஐந்து மாதம்தான் என்றாலும், திரும்பும் தேதியைத் தள்ளிப் போட்டால் கணக்கு மாறும்.

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், முடிந்தால் ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள் என்று கேட்கப் போகிறேன். டிசம்பர் 16 வாக்கில் மார்கழி பிறக்கும். அதுவரை நீங்கள் பழகிய அதே மாட வீதிகளில் விடிகாலையில் வாசல் முழுக்கக் கோலம் இருக்கும், பஜனை போகும். சபாக்களில் பகல் நேரக் கச்சேரிகள் பலவற்றுக்கு டிக்கெட் கிடையாது, யாரும் போய் உட்காரலாம். கேன்டீன் சாப்பாட்டுக்கென்றே வருகிறவர்கள் உண்டு. அந்த ஒரு வாரம் விசாவுக்குள் அடங்குகிறதா என்று மட்டும் பாருங்கள்.

அம்மாவைப் பற்றி. அவர் "போகாதே" என்பது உங்களை அடக்க அல்ல. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதை அவரால் மனதில் கற்பனை செய்ய முடியவில்லை. தெரியாத இடத்தில் பிள்ளை இருந்தால் எந்த அம்மாவுக்கும் அப்படித்தான். போகும் முன்பே சொல்லுங்கள்: "இத்தனை மணிக்கு ரயில், இந்தக் கோயில், இத்தனை மணிக்குத் திரும்புவேன்." போனில் இருக்கும் இடத்தைப் பகிர்ந்து வையுங்கள். மாட வீதியிலிருந்து வீடியோவில் கூப்பிட்டுப் பூக்காரம்மாவைக் காட்டுங்கள், இருவரையும் பேச விடுங்கள். என் அனுபவத்தில், அம்மாக்கள் இருவரும் இரண்டு நிமிடம் பேசிவிட்டால் அதற்குப்பின் "போகாதே" குறைந்து "அந்த அக்கா நல்லா இருக்காங்களா?" தொடங்கிவிடும்.

ஒன்றே ஒன்று உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் எழுதியிருப்பது தயக்கம் மட்டும்தானா, அதற்கும் மேலா என்று எனக்கு இந்தக் கடிதத்திலிருந்து முழுதாகத் தெரியவில்லை. தூக்கம் வராமல் போவது, சாப்பாடு இறங்காமல் போவது, காரணமில்லாமல் அழுகை வருவது, வகுப்புக்குப் போகவே மனமில்லாதது, இப்படி இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் அது ஊர் சுற்றித் தீர்கிற விஷயம் இல்லை. உங்கள் கல்லூரி ஆலோசகரை நேரில் பாருங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் மனநல உதவி எந்த நேரமும் கிடைக்கும், தமிழிலேயே பேசலாம். நீங்கள் பசியாறும் தமிழிலும் பேசலாம்.

இல்லை, தயக்கம் மட்டும்தான் என்றால் இந்த ஞாயிறே தொடங்கலாம். சனிக்கிழமை இரவு வார்டனிடம் சொல்லிவிட்டு அலாரம் வைத்துப் படுங்கள். கையில் இருநூறு ரூபாய்க்குச் சில்லறை, ஒரு தண்ணீர் பாட்டில், கல்லூரி அடையாள அட்டை. தரமணி கவுன்டரில் "திருமயிலை ஒரு ரிட்டர்ன்" என்று கேளுங்கள், தமிழிலேயே. ஏறும் முன் பெயர்ப்பலகையில் கடற்கரை என்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், எதிர்ப் பக்கம் போகிறது வேளச்சேரி வண்டி.